நூற்றுக்கு ஏழு

மார்ச் 2

கொசுவுக்கு,

ஆறு வருடம் கழித்து எழுதுகிறேன். சுற்றி வளைக்கவில்லை. எனக்கு மலக்குடலில் புற்றுநோய். நவம்பரில் தெரிந்தது. கதிர்வீச்சும் மாத்திரையும் முடிந்துவிட்டன. கட்டி பாதிக்கு மேல் சுருங்கிவிட்டது. மீதியை அறுத்து எடுக்க வேண்டும். நீ பயப்படாதே. பயப்படுகிற வேலையை உன் அண்ணி மொத்தமாக எடுத்துச் செய்துகொண்டிருக்கிறாள்.

போனில் சொல்லாததற்குக் காரணம் உனக்கே தெரியும். நாம் இரண்டு பேரும் பேச ஆரம்பித்தால் மூன்றாவது நிமிடம் யாராவது வைத்துவிடுவோம். கடிதம் என்றால் கடைசி வரி வரை குறுக்கே பேச முடியாது.

போன புதன்கிழமை அறுவை மருத்துவர் என்னை ஒரு சின்ன அறைக்குள் அழைத்துப் போனார். சுவர் அளவுக்கு ஒரு திரை. அதில் என் இடுப்பெலும்பு, குடல், ரத்தக் குழாய் எல்லாம் கலர் கலராகச் சுற்றுகிறது. ஸ்கேன் படங்களையும் நான் சொன்ன விவரங்களையும் வைத்துக் கணினிக்குள் இன்னொரு என்னைக் கட்டியிருக்கிறார்களாம். "இவருக்கு ஆயிரம் தடவை ஆபரேஷன் பண்ணிப் பார்த்தோம்" என்றார். "ஒரு தடவையாவது மயக்க ஊசி போட்டீங்களா சார்?" என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. வேலையில் கண்ணாக இருக்கிறவர் என்று அப்போதே முடிவு கட்டினேன்.

விஷயம் இதுதான். கட்டி இருக்கும் துண்டை எடுத்துவிட்டு மேல் முனையையும் கீழ் முனையையும் நேராக இணைத்துத் தைக்கலாம். இணைப்பு பிடித்துக்கொண்டால் ஏறக்குறைய பழைய வாழ்க்கை. பிடிக்காமல் கசிந்தால் வயிறெல்லாம் சீழ், ஆளே போய்விடலாம். இணைப்பே வேண்டாம் என்றால் வயிற்றில் துளை போட்டுப் பை மாட்டிவிடுவார்கள், ஆயுசுக்கும். காலையிலிருந்து மாலை வரை கவுண்டரில் நின்று பேசிப் பிழைக்கிறவன் நான். எதிரே நிற்கிறவர் ஒரு தடவை மூக்கைச் சுளித்தால் போதும், அதற்கப்புறம் எனக்குப் பேச்சே வராது.

நேரடி இணைப்பு கசிய நூற்றுக்கு ஏழு வாய்ப்பு என்கிறது கணினி. காகிதத்தின் அடியில் பொடி எழுத்தில், இந்த நிரலை எழுதிய ஆய்வுக்கூடத்தின் பெயர். நீ வேலை பார்க்கிற இடம். எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதே. பேசவில்லை என்றால் விசாரிக்கவும் இல்லை என்று அர்த்தமா?

குழாயும் வால்வும் விற்று முப்பது வருடம் ஆகிறது. ஜாயின்ட் கசியவே கசியாது என்று சத்தியம் பண்ணுகிறவனை நான் கடைக்குள் விடுவதில்லை. அதனால் உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்த எண்ணை நம்பலாமா? ஆமாம் அல்லது இல்லை என்று எழுது. ஆமாம் என்றால் கையெழுத்துப் போட்டுவிடுவேன்.

அண்ணன்

—

மார்ச் 9

அண்ணா,

உங்கள் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். நவம்பரிலிருந்து மார்ச் வரை ஒருவர்கூட எனக்குச் சொல்லவில்லை. அண்ணியாவது சொல்லியிருக்கலாம். சரி, அந்த வருத்தத்தைப் பிறகு வைத்துக்கொள்கிறேன்.

ஆமாம், இல்லை என்று எழுத என்னால் முடியாது. முதல் காரணம், சொந்தக்காரர்களின் விவரத்தை நாங்கள் தொடக் கூடாது. இங்கே கண்டிப்பான விதி. உங்கள் மருத்துவமனையிலிருந்து வரும் எதையும் இனி நான் திறந்து பார்க்க மாட்டேன் என்று மேலதிகாரியிடம் நேற்றே எழுதிக் கொடுத்துவிட்டேன்.

இரண்டாவது காரணம், அந்த எண் தன்னால் உண்மையாகவும் இருக்காது, பொய்யாகவும் இருக்காது. உள்ளே என்ன போட்டார்களோ அதைப் பொறுத்தது. ஸ்கேன் பொய் சொல்லாது. ஆனால் ஸ்கேனில் தெரியாத பதினொரு கேள்விகளை ஒரு செவிலியர் உங்களைக் கேட்டிருப்பார். எடை எவ்வளவு குறைந்தது, எவ்வளவு நடப்பீர்கள், புகை உண்டா, இந்த மாதிரி. அதற்கெல்லாம் என்ன பதில் சொன்னீர்கள் என்று எனக்கு எழுதுங்கள். தங்கையாகத்தான் கேட்கிறேன்.

மூன்றாவது காரணத்தை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். எழுதிவிடுகிறேன். 'நீ ஆமாம் என்றால் கையெழுத்து' என்று எழுதியிருக்கிறீர்கள். அப்பாவுக்கு வயிற்றில் கட்டி வந்தபோது நீங்களே முடிவெடுத்து அறுவைக்கு நீங்களே கையெழுத்துப் போட்டீர்கள். அப்பாவை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒன்பதாவது நாள் போய்விட்டார். இப்போது உங்கள் உடம்புக்கு நான் அதையே செய்ய வேண்டுமா?

உங்கள் தங்கை

—

மார்ச் 14

கொசுவுக்கு,

ஒரு வார்த்தை கேட்டேன், மூன்று காரணம் அனுப்பியிருக்கிறாய். படிப்பு முத்தினால் இப்படித்தான்.

அப்பா பேச்சை எடுத்துவிட்டாய். எடு. நானும் அந்த மருத்துவமனை வராந்தாவில் ஒன்பது நாள் நின்றேன். முதல் நாள் நீ எல்லார் முன்னாலும் "அப்பாவைக் கேட்டீங்களா, கேட்டீங்களா"ன்னு என் சட்டையைப் பிடித்து உலுக்கினாய். அந்தச் சட்டையை நான் மறுபடி போடவே இல்லை. இதற்கு மேல் அதைப் பற்றி எழுத மாட்டேன்.

பதினொரு கேள்விதானே? இதோ. எடை குறைந்தது மூன்று கிலோ என்று சொன்னேன். நடை தினமும் நான்கு கிலோமீட்டர். மூன்று மாடி மூச்சு வாங்காமல் ஏறுவேன். சர்க்கரை கட்டுக்குள். பசி நன்றாக எடுக்கிறது. தூக்கம் கல் மாதிரி. புகை, விட்டு எட்டு வருடம். மற்றதெல்லாம் சில்லறைக் கேள்விகள். செவிலியர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டித் தலையாட்டி எழுதிக்கொண்டார். கடைசியில், "இந்த வயசுக்கு நல்லாவே வெச்சிருக்கீங்க உடம்பை"ன்னு பாராட்டு வேறு.

வாஷர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தெருத்தெருவாக அலைந்து மேலே வந்தவன் நான். எதிரில் இருக்கிறவர் முகத்தைப் பார்த்தே அவர் வாங்குவாரா மாட்டாரா என்று தெரியும். அந்த மருத்துவர் நான் சொன்னதை அப்படியே வாங்கிக்கொண்டார். இணைத்துவிடலாம் என்கிற முடிவோடுதான் எழுந்து போனார். இருபத்தைந்தாம் தேதி கடைசிப் பேச்சு. அதற்குள் நீ பதில் எழுது.

அண்ணன்

—

மார்ச் 19

அண்ணா,

உறையைப் பிரித்ததும் மேஜையில் வைத்துவிட்டு ஜன்னலைத் திறந்தேன். தாள் முழுக்க சிகரெட் வாசனை. முதல் கடிதத்திலும் லேசாக இருந்தது. தபால் பைக்குள் ஒட்டிக்கொண்டிருக்கும் என்று என்னையே ஏமாற்றிக்கொண்டேன். கிடங்கு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு எழுதியிருக்கிறீர்கள். எட்டு வருடத்துக்கு முன்னால் விட்டவர் எழுதிய தாள் இப்படி நாறாது.

ஒரு பதில் இப்படி என்றால் மற்ற பத்தும் எப்படி என்று எனக்குத் தெரியும். உங்களோடு வளர்ந்தவள் நான். நான்கு கிலோமீட்டர் என்றால் ஒன்றரை. மூன்று கிலோ என்றால் ஏழோ எட்டோ.

அண்ணா, பொறுமையாகப் படியுங்கள். குடலின் இரண்டு முனைகளைத் தைத்தால் அந்த இடத்துக்கு ரத்தம் நன்றாக வர வேண்டும். வந்தால்தான் ஒட்டும். புகை அந்த மெல்லிய ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும். எடை கரைந்த உடம்பில் ஒட்டுவதற்குச் சத்தும் இருக்காது. எங்கள் நிரல் ஆயிரம் தடவை அறுத்துப் பார்த்தது புகைக்காத, தினமும் நான்கு கிலோமீட்டர் நடக்கிற ஒருவரை. அவருக்குத்தான் நூற்றுக்கு ஏழு. அவர் நன்றாக இருக்கட்டும். அந்த மேஜையில் படுக்கப்போவது அவர் இல்லை.

திட்டி முடித்துவிட்டேன். இன்னொன்று இருக்கிறது. அதை எழுதாமல் இந்தத் தாளை மடித்தால், மறைத்ததற்காக உங்களைத் திட்டும் தகுதி எனக்கு இருக்காது.

இரண்டு வருடத்துக்கு முன்னால், அப்பாவின் பழைய ரிப்போர்ட்டுகளின் நகல் என்னிடம் இருந்தது அல்லவா, அவற்றை வைத்து அப்பாவை நிரலுக்குள் கட்டினேன். யாரிடமும் சொல்லவில்லை. செய்திருக்கவும் கூடாது. நீங்கள் செய்தது தப்பு என்று ஒரு எண் கிடைத்தால், அதைக் கையில் பிடித்துக்கொண்டு நிம்மதியாகக் கோபப்படலாம் என்று நினைத்தேன். நூறு அப்பாக்களில் அறுபத்து நான்கு பேர் வீட்டுக்குத் திரும்பி வந்தார்கள். அறுவை செய்யாத நூறு பேரில் பெரும்பாலோர் இரண்டு மாதத்துக்குள், ஒரு வாய் சாப்பிட முடியாமலே போனார்கள். அன்று இருந்த நிலையில் நீங்கள் எடுத்தது மோசமான முடிவு இல்லை, அண்ணா. இரண்டு வருடமாக இது எனக்குத் தெரியும். உங்களுக்கு எழுதவில்லை. கோபத்தை விட மனசு வரவில்லை.

கேட்காமல் செய்தீர்களே என்கிற வருத்தம் மட்டும் இன்னும் இருக்கிறது. அதற்கு எந்த எண்ணும் இல்லை.

இருபத்தைந்தாம் தேதிக்கு முன்னால் உண்மையைச் சொல்லிவிடுங்கள். மருத்துவரிடம் மட்டும் இல்லை, அண்ணியிடமும்.

கொசு

—

மார்ச் 28

கொசுவுக்கு,

அறுபத்து நான்கு என்கிற எண்ணைப் பார்த்துவிட்டுக் கிடங்கில் குழாய்க் கட்டுகளுக்கு நடுவில் போய் நின்றேன். கிடங்குக்காரர் வந்து, "என்ன முதலாளி, சரக்கு எண்றீங்களா?"ன்னு கேட்டார். ஆமாம் என்றேன். மனுஷர் நல்லவர், முகத்தைப் பார்க்காமல் போய்விட்டார்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் அண்ணி. சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, ஒரு விஷயம் சொல்லணும் என்று ஆரம்பித்தேன். கீரை ஆய்ந்துகொண்டே, "சிகரெட்டா?" என்றாள். நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டேன். "எப்பத்திலேருந்து தெரியும்?"

"எட்டு வருஷமா உங்க சட்டையை யாரு துவைக்கிறாங்க? பக்கத்து வீட்டுக்காரரா?"

"ஏன் கேக்கல?"

"கேட்டா நிறுத்தவா போறீங்க? இன்னும் நல்லா ஒளிச்சு வைப்பீங்க. இப்படியாவது கணக்கு தெரியுதேன்னு விட்டுட்டேன்."

அப்புறம் கீரையை அப்படியே விட்டுவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அரை மணி நேரம். திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது. "நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு நானும் வர்றேன். நீங்க பேசறதை நான் கேக்கணும்" என்றாள்.

மருத்துவர் முன்னால் உட்கார்ந்து பதினொரு பதிலையும் மாற்றிச் சொன்னேன். ஒவ்வொன்றாக, உன் அண்ணியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. எடை எட்டரை கிலோ. நடை, கடையிலிருந்து கிடங்குக்குப் போவதும் வருவதும். மூன்றாவது மாடியைப் பார்த்தே பல மாதம் ஆகிறது. புகை, நாளைக்கு ஆறு. அண்ணி இருமினாள். பத்து என்று திருத்தினேன். அன்று பாராட்டிய அதே செவிலியர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் எழுதினார்.

மருத்துவருக்குக் கோபம் வந்தது. வரட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். "ஏன் இப்படிச் சொன்னீங்க?" என்று கேட்டார். உள்ளதைச் சொன்னேன். சரக்கைக் காட்டும்போது நல்ல பக்கத்தை மேலே வைத்துக் காட்டுவது என் கைப்பழக்கம். பழுதைக் காட்டினால் இணைப்பு இல்லை, பைதான் என்று தள்ளிவிடுவீர்கள் என்று பயந்தேன். அதற்கு அவர், "உங்க கடையில ஒருத்தர் வந்து குழாயோட அழுத்தத்தைக் குறைச்சுச் சொல்லி மெலிசான குழாயை வாங்கிட்டுப் போனா, வெடிக்கிறது யார் வீட்டுல?" என்றார். முப்பது வருடத்தில் என் வாயை அடைத்த முதல் ஆள்.

மறுபடி ஓட்டிப் பார்த்தார்கள். நூற்றுக்கு ஏழு இப்போது நூற்றுக்குப் பத்தொன்பது.

அந்த எண்ணைத் திரையில் இரண்டு தடவை படித்தேன். பொய்யை நம்பி மேஜையில் ஏறிப் படுத்திருப்பேன், கொசு.

அறுவையை மே மாதத்துக்குத் தள்ளிவிட்டார்கள். கட்டி சுருங்கியிருப்பதால் இத்தனை வாரம் பொறுக்கலாமாம். அதுவரை புகையைத் தொடாமல், ஒழுங்காகச் சாப்பிட்டு, தினமும் நடந்தால் பன்னிரண்டு வரை இறங்கலாம் என்கிறது நிரல். இன்னொரு வழியும் இருக்கிறது. இணைத்துவிட்டு, இணைப்பு ஆறுகிற வரைக்கும் மேலே ஒரு பை. மூன்று மாதம் கழித்துச் சின்னதாக இன்னொரு அறுவை, பை போய்விடும். கசிய வாய்ப்பு இருக்கும், ஆனால் கசிந்தாலும் ஆளைக் கொல்வது அரிது. இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று சண்டைக்குப் போனேன். "ஏழுன்னு வந்திருந்ததே, அதான் தேவைப்படல" என்றார்.

இப்போது அப்பா. எழுத மாட்டேன் என்றேன், எழுதுகிறேன். கேட்க நேரம் இல்லை என்று எல்லாரிடமும் சொன்னேன். நேரம் இருந்தது. ஒரு மாலை முழுக்க அவர் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து கடைக் கதை பேசிக்கொண்டிருந்தேன். கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுவாரோ என்று பயம். அவர் வேண்டாம் என்றால் எனக்குச் செய்ய ஒன்றும் இருக்காது. சும்மா இருக்க எனக்குத் தெரியாது. அதனால் கேட்கவில்லை. இதை உன் அண்ணியிடம்கூடச் சொன்னதில்லை.

சிகரெட்டை நிறுத்தி ஐந்து நாள் ஆகிறது. இந்தத் தாளை முகர்ந்து பார்.

இப்போதாவது சொல். மூன்றில் எது?

அண்ணன்

—

ஏப்ரல் 6

அண்ணா,

முகர்ந்து பார்த்தேன். கீரை வாசனைதான் வருகிறது.

அப்பாவைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்த பிறகு சில நாள் என்னால் பேனாவைத் தொட முடியவில்லை. கோபத்தினால் இல்லை. அந்தக் கட்டிலுக்கு எதிர்ப் பக்கத்தில் நானும்தான் உட்கார்ந்திருந்தேன். எனக்கும் வாய் இருந்தது. "அப்பா, உங்களுக்கு என்ன வேணும்?" என்று நானே கேட்டிருக்கலாம். நீங்கள் கேட்கவில்லையே என்று உங்கள் சட்டையைப் பிடிப்பது சுலபமாக இருந்தது.

உங்கள் புதுக் கணக்கை எங்கள் பக்கத்தில் சரிபார்த்த அன்று நான் அறையில் இல்லை. கதவு மூடியிருந்தது. வெளியே காபி எந்திரத்துக்குப் பக்கத்தில் நின்று, குடிக்காமல் மூன்று கோப்பை ஊற்றினேன். ஒன்பது வருடமாக இந்த வேலை செய்கிறேன். கதவுக்கு அந்தப் பக்கம் காத்திருப்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை. எங்களுக்கு அது ஒரு வரிசை எண்.

மூன்றில் எது என்று நான் சொல்ல மாட்டேன். சொன்னால் நீங்கள் உடனே கையெழுத்துப் போடுவீர்கள், அதுதான் பயம். நிரல் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதை மட்டும் எழுதுகிறேன். கசியுமா, எத்தனை நாள் படுக்கை, நோய் திரும்ப வர வாய்ப்பு எவ்வளவு, இவற்றைச் சொல்லும். மூன்று மாதம் பையோடு கவுண்டரில் நிற்பது உங்களுக்குப் பொறுக்குமா என்று அதற்குத் தெரியாது. நேரடியாக இணைத்துவிட்டு, ஒவ்வொரு நாளும் காய்ச்சல் வருகிறதா என்று பார்த்துக்கொண்டு கிடப்பது பொறுக்குமா என்றும் தெரியாது. எது உங்களால் தாங்கவே முடியாதது? அதை முதலில் கண்டுபிடியுங்கள். அண்ணியைக் கேளுங்கள். பை மாட்டிய ஒருவரைப் பார்த்துப் பேச ஏற்பாடு செய்யச் சொல்லி மருத்துவமனையில் கேளுங்கள், செய்வார்கள்.

உங்களுக்கு என்ன வேண்டும் அண்ணா? நிஜமாகக் கேட்கிறேன்.

கொசு

—

மே 1

கொசுவுக்கு,

நீ சொன்ன மாதிரி ஒருவரைப் பார்த்தேன். பள்ளியில் விளையாட்டு ஆசிரியர். என் எதிரில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்து பேசிவிட்டு, "இப்பவும் மாட்டியிருக்கேன், கண்டுபிடிச்சீங்களா?" என்றார். இல்லை. மூக்குக்கும் தெரியவில்லை, கண்ணுக்கும் தெரியவில்லை. முகத்தைப் பார்த்தே ஆளை எடைபோடுகிறவன் என்று உனக்குப் பெருமை அடித்தேனே, அதைக் கொஞ்சம் குறைத்துக்கொள்கிறேன்.

புகை பிடித்தேனா என்று பார்க்க நேற்று ஒரு குழலில் ஊதச் சொன்னார்கள். என் வாய் வார்த்தையை அந்தச் செவிலியர் இப்போது ஏற்பதில்லை. சுத்தமாக வந்தது. எடை இரண்டு கிலோ ஏறியிருக்கிறது. நடை மூன்று கிலோமீட்டர், பக்கத்தில் உன் அண்ணி நடந்து எண்ணுகிறாள். நிரல் பன்னிரண்டு என்கிறது.

பன்னிரண்டு எனக்குப் பெரிய எண்ணாகத் தெரியவில்லை. துணிந்து நேரடியாக இணைக்கச் சொல்லியிருப்பேன். ஆனால் நீ கேட்ட கேள்வியை அண்ணியிடம் கேட்டேன். "உங்களுக்குப் பை இருக்கா இல்லையாங்கிறது எனக்குப் பெரிசில்ல. தினமும் காலையில நெத்தியில கை வெச்சுப் பார்த்துட்டு நடுங்கறது என்னால ஆகாது" என்றாள். என் உடம்பில் அவளுக்கும் பாதி பங்கு என்று முப்பத்திரண்டு வருடத்தில் இப்போதுதான் உறைக்கிறது. இணைத்துவிட்டு மூன்று மாதம் பை போடச் சொல்லிவிட்டேன். முடிவு என்னுடையது. கையெழுத்தும் போட்டாகிவிட்டது.

இன்னொரு காகிதம் கொடுத்தார்கள். எனக்கு நினைவு இல்லாமல் போனால் என் சார்பாக யார் பேசுவது என்று. அண்ணியைக் கேட்டேன். "நான் எல்லாத்துக்கும் சரின்னு தலையாட்டிடுவேன், என்னைப் போடாதீங்க" என்றாள். உன் பெயரை எழுதியிருக்கிறேன். நிரல் எழுதுகிறவள் என்பதற்காக இல்லை. எனக்கு என்ன வேண்டும் என்று கேட்டவள் நீ.

அதனால் பதிலை என் கையெழுத்தில் கீழே எழுதுகிறேன். நகல் மருத்துவரிடமும் இருக்கிறது.

கசிந்தால் ஒரு தடவை திறந்து சரி செய்யட்டும். அப்போது பை ஆயுசுக்கும் என்றால் ஆயுசுக்கும் இருக்கட்டும். தயங்காதே. இரண்டாவது தடவையும் திறக்க வேண்டும் என்றால், எழுந்து நடந்து வீட்டுக்குப் போக நூற்றுக்கு எத்தனை வாய்ப்பு என்று கேள். ஐம்பதுக்குக் கீழே என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடு. எந்திரத்தில் மாட்டி வைத்து, அண்ணியை வராந்தாவில் நாள் எண்ண வைக்காதே. இதை நீ முடிவு செய்ததாக ஒருவரும் நாளைக்குப் பேசக் கூடாது. நீயும் உனக்குள் பேசக் கூடாது. நான் சொன்னதை நீ படித்துக் காட்டுகிறாய், அவ்வளவுதான்.

புதன்கிழமை காலை ஏழு மணிக்கு உள்ளே அழைத்துப் போகிறார்கள். முன் வாசலில் வண்டி நிறுத்த விடமாட்டார்கள், பின்பக்கமாக வா. ஆறு மணிக்கே வந்துவிடு. ஒரு மணி நேரம் இருக்கும். மேலே எழுதியதில் ஏதாவது புரியவில்லை என்றால் அப்போது என்னைக் கேள். பதில் சொல்கிற நிலையில் இருப்பேன்.

அண்ணன்